அவர்கள் பார்த்த தொடர், நான் படித்த புத்தகம்

என் வீட்டுக்காரரை 'டா' போட்டுக் கூப்பிடுகிற பெண் என் மாமியார் ஒருத்திதான் என்று கல்யாணமான நாளிலிருந்து நினைத்திருந்தேன். போன வைகாசியில் ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்துவிட்டு, திரும்புகிற வழியில் பெரம்பலூரில் எங்கள் வீட்டுப் படியேறிய ஒருத்தி, செருப்பைக் கழற்றும் முன்பே, "என்னடா, இப்படி ஊதிப்போயிட்ட?" என்றாள். இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் இவர்கள் இரண்டு பேர் வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததாம். அவள் வீட்டில்தான் கேபிள் இணைப்பு. வாரம் ஒரு நாள் சாயங்காலம் ஆங்கிலத்தில் ஒரு விண்கலத் தொடர் வரும். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை இருவரும் ஒரு வாரம் விடாமல் பார்த்திருக்கிறார்கள். பிறகு அவள் கோயம்புத்தூரில் படிக்கப் போய், அங்கேயே வேலை, கல்யாணம் என்று தங்கிவிட்டாள். இதையெல்லாம் இவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். சொன்னபோது பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றுதான் சொன்னார். நானும் ஆண்பிள்ளை என்று எடுத்துக்கொண்டேன்.

அலமாரியில் இருந்த ஒரு புத்தகத்தை அவள்தான் உருவினாள். "டேய், இதை இன்னும் வச்சிருக்கியா!" அட்டை போன, ஓரம் பழுத்த ஆங்கிலப் புத்தகம். அந்தத் தொடரில் வருகிற ஆட்களை வைத்துத் தனிக் கதையாக எழுதினது. திருச்சியில் பழைய புத்தகக் கடையில் வாங்கி, மாற்றி மாற்றிப் படித்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எதுவும் முழு வாக்கியம் இல்லை. "அந்த அலாரம்..." என்பாள் அவள். "ஐயோ, கதவு!" என்பார் இவர். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கூட வந்திருந்த அவள் வீட்டுக்காரர் முறுக்கைக் கடித்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. எனக்கு அவர் மீதும் எரிச்சலாக வந்தது.

அவர்கள் கிளம்பிப் போனதும் நான் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தமிழ் வழியில் படித்தவள். பாடமில்லாத நேரத்தில், போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கம் இரண்டு பக்கம் என்று படித்தேன். தெரியாத சொல் கூடப் பெரிய கஷ்டமில்லை. அந்தப் புத்தகத்தில் யார் முகமும் எப்படி இருக்கும் என்றே எழுதவில்லை. கேப்டன் உள்ளே வந்தார், டாக்டரம்மா எழுந்தார், அவ்வளவுதான். படிக்கிறவர்கள் எல்லோரும் டிவியில் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதியிருக்கிறார்கள். இது எனக்கு எழுதினதில்லை, அவர்கள் இரண்டு பேருக்கும் எழுதினது என்று தோன்றியது.

தொடரைப் பார்த்துவிடலாம் என்று இணையத்தில் தேடினேன். இந்த நாட்டில் கிடைக்காது என்று காட்டியது. ராத்திரி சாப்பாட்டின்போது இவரிடமே கேட்டேன்.

"அந்த கேப்டன் ஆளு எப்படிங்க இருப்பார்?"

"உயரமா... மீசை இருக்காது. முடி நரைச்சிருந்துச்சா? இரு, அவகிட்ட கேட்டுச் சொல்றேன்."

எச்சில் கையோடு இடது கையால் போன் போட்டார். நரை உண்டா இல்லையா என்று ஆரம்பித்த பேச்சு, தட்டு காய்ந்து சாம்பார் ஒட்டிக்கொள்ளும் வரை போனது. என் கேள்வியை வைத்து நானே அவர்களுக்குப் பேச வழி பண்ணிக் கொடுத்திருக்கிறேன். கடைசியில் எனக்கு வந்த பதில், "நரைதானாம்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் புத்தகத்தை முடித்த கையோடு மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அந்த விண்கப்பல் ஒரு செத்த கிரகத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்கிறது. அதை எப்படி மீட்கிறார்கள் என்பதுதான் கதை. அந்த மீட்பெல்லாம் எனக்குப் பாதிதான் புரிந்தது. டாக்டரம்மா நன்றாகப் புரிந்தாள். கேப்டன் எது சொன்னாலும் சண்டைக்குப் போகிறாள். ஆனால் அவர் வெளியே போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் கதவுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு வேலையாக அவள்தான் நிற்கிறாள். அவர் மனைவியிடமிருந்து செய்தி வந்தால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுகிறாள். கடைசியில் கப்பல் தப்பித்ததும் வேறு கப்பலுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். ஒரு வரியில் கூட அது என்னவென்று சொல்லவில்லை. சில மாதமாக நான் இவர்கள் இரண்டு பேரிடமும் கவனித்துக்கொண்டிருந்ததெல்லாம் இந்த மாதிரி விஷயங்கள்தான். அதனால் பளிச்சென்று தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் போன் பண்ணினாள். இவர் ஸ்பீக்கரில் போட்டு, "இவ நம்ம புத்தகத்தை ரெண்டு தடவை முடிச்சுட்டா" என்று பெருமையடித்தார்.

"அப்படியா! எப்படிங்க இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அந்த டாக்டரம்மாவுக்கு கேப்டன் மேல உசுரு. பாவம், கடைசி வரைக்கும் சொல்லல."

"அய்ய, அதெல்லாம் இல்லைங்க. டிவியிலயும் அவங்க ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. எப்பப் பார்த்தாலும் சண்டை."

டாக்டரம்மா கதவுப் பக்கம் நிற்கிற இடத்தையெல்லாம் நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மனைவியின் செய்தி வரும்போது எழுந்து போவதைச் சொன்னேன். அவர்களுக்குத் தெரியாத ஒன்றை அவர்கள் புத்தகத்திலிருந்தே எடுத்துக் காட்டுகிற சந்தோஷத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது.

"நாங்க அதைச் சண்டைன்னே நினைச்சுட்டோம்" என்றாள் அவள். பிறகு, "நான் மறுபடி படிச்சுப் பார்க்கணும். அனுப்பி வைக்கிறீங்களா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு எதற்கு இந்த வேலை? சும்மா சண்டை என்று நினைத்திருந்தவர்களுக்கு வேறு பெயர் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் இவரிடம் நேராகவே கேட்டேன். "அவங்களுக்கு உங்க மேல அப்போ ஏதாச்சும் இருந்துச்சா?"

இவர் உடனே இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். யோசித்தார். "தெரியல. நான் கேட்டதில்ல, அவளும் சொன்னதில்ல."

"உங்களுக்கு?"

"எனக்கு அந்தக் கப்பல் மேலதான் பைத்தியம்" என்றார். பொய்யாகத் தெரியவில்லை. அப்படியும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

புத்தகத்தை நானே கூரியரில் போட்டேன். வீட்டைவிட்டுப் போனால் சரி என்று இருந்தது. பத்துப் பதினைந்து நாள் கழித்து அவள் கூப்பிட்டாள், இந்த முறை என் நம்பருக்கு.

"நீங்க சொன்னதுதான் சரி. அவங்க ஏன் வேற கப்பலுக்குப் போனாங்கன்னு இப்பதான் புரியுது" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை. பிளஸ் டூ முடித்து அவள் ஏன் அவ்வளவு தூரம் கோயம்புத்தூருக்குப் போனாள் என்றும் கேட்கவில்லை.

"அவன் இருக்கானா?" என்றாள்.

இவர் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மாடிக்குப் போய்ப் போனைக் கொடுத்தேன். அவள் மகளின் பள்ளிக்கூடம், ஊரில் மழை என்று ஏதேதோ பேசினார்கள். காய்ந்த துணியை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டு, பேசி முடிக்கும் வரை நான் அங்கேயே நின்றேன்.