பிரிக்கோ பீப்பாய் எது?

செக்கோந்தோ பள்ளிக்கூடம் போனது மொத்தம் மூன்று குளிர்காலம். பனி விழுந்து தோட்டத்தில் வேலை நின்றால் போவார், பனி உருகினால் பையை மூலையில் வீசிவிடுவார். பதினோரு வயதில் அடுத்தவர் தோட்டத்தில் திராட்சைக் கொடி கட்டும் கூலியாக லாங்கே குன்றுக்கு வந்தவர், ஐம்பத்தெட்டு வயதில் அதே குன்றில் இரண்டு சரிவுகளுக்குச் சொந்தக்காரர். மாமனார் வீட்டிலிருந்து வந்த சீதனம் ஒரு கழுதையும் எவாசியோ என்கிற மச்சினனும்தான். கழுதை செத்துப் பல வருஷம் ஆகிறது. மற்றதெல்லாம் அவருடைய இரண்டு கைகள் சம்பாதித்தவை. இதைச் சொல்ல அவர் என்றைக்கும் கூச்சப்பட்டதில்லை. ஏன் கூச்சப்பட வேண்டும்?

உச்சியில் இருக்கும் சரிவுக்குப் பெயர் பிரிக்கோ. வெளுத்த சுண்ணாம்பு மண், காலையில் பனி முதலில் கரைவது அங்கேதான். கீழே இருப்பது ஓடைச் சரிவு. இரண்டிலும் நெபியோலோ என்கிற ஒரே திராட்சை ஜாதிதான். ஆனால் இரண்டும் ஒன்றுதானே என்று அவரிடம் யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு வேறு பேச்சு கிடையாது. "பிரிக்கோ ராஜா, ஓடை அவனோட குதிரைக்காரன். கண்ணக் கட்டிவிடு, காய்ச்சல்ல படுக்க வை, அப்பவும் எது எதுன்னு சொல்லுவேன்" என்பார்.

முப்பது வருஷமாக, வீட்டில் குடிக்க மட்டும் இரண்டு சரிவிலும் கொஞ்சம் தனித்தனியே நசுக்கி வைத்துக்கொண்டு, மீதித் திராட்சையை வியாபாரிக்குப் போட்டுப் போட்டு, தன் ராஜா யார் யார் வீட்டுப் பழத்தோடோ கலந்து ஊர் பேர் தெரியாமல் போவதைப் பார்த்து மனம் வெந்துபோனவர், ஒரு வருஷம் முடிவு செய்தார். தானே நசுக்கி, தானே பீப்பாயில் வைத்து, தன் பெயர் போட்டுப் பாட்டிலில் அடைப்பது. அறுநூறு லேபிள் அச்சடித்து வந்தது. மேலே குடும்பப் பெயர், கீழே 'பிரிக்கோ' என்று பெரிய எழுத்து. சதுக்கத்து ஒயின் கடையில் எல்லார் முன்னாலும் மேசையைத் தட்டிச் சொன்னார்: "இதுல ஓடைப் பழச் சாறு ஒரு சொட்டு இருந்தா நான் என் கொடியெல்லாம் வெட்டி அடுப்புல வைக்கிறேன்."

அறுவடை முடிந்து வந்த பிப்ரவரியில்தான் விஷக் காய்ச்சல் வந்து படுத்தார்.

தேய்பிறை. வடக்கே வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிவு. வண்டலை அடியில் விட்டு ஒயினை வேறு பீப்பாய்க்கு மாற்ற அதைவிட நல்ல நாள் கிடையாது. மாற்றாமல் விட்டால் கெட்டுவிடும், நோயாளி எழுந்திருக்கட்டும் என்று நிலா காத்திருக்காது. எனவே மனைவி தெர்சில்லாவும் மச்சினன் எவாசியோவும் நிலவறையில் இறங்கி, நிறைந்திருந்த இரண்டு பீப்பாய்களையும் காலியாக இருந்த இரண்டுக்கு மாற்றினார்கள். பீப்பாயில் எதையும் எழுதி வைப்பது செக்கோந்தோவின் வழக்கமில்லை. ஒவ்வொரு பீப்பாயின் முன்னாலும் சரிவின் பெயர் எழுதிய சிலேட்டு கயிற்றில் தொங்கும். ஒயின் எங்கே போகிறதோ, சிலேட்டும் கூடப் போக வேண்டும்.

அடுத்த தேய்பிறை பிறந்தபோது அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். பாட்டிலில் அடைக்க எட்டு நாள் இருந்தது. சிலேட்டுகள் ஒழுங்காகத் தொங்கின.

"சரியாத்தான மாட்டின?" என்று எவாசியோவைக் கேட்டார், சும்மா ஒரு பேச்சுக்கு.

"மொதல்ல தப்பா மாட்டிட்டேன் மாமா. அப்புறம் கவனிச்சு மாத்திட்டேன்."

பின்னால் துணி உதறிக்கொண்டிருந்த தெர்சில்லா நிமிர்ந்தாள். "நீ மாத்தினியா? நான்ல மாத்தினேன்! தப்பா தொங்குதேன்னு."

"நீ எப்பக்கா மாத்தின?"

"நீ எப்படா மாத்தின?"

செக்கோந்தோ விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். தப்பு. ஒருவர் மாற்றியதும் சரி. இன்னொருவர் மாற்றியதும் மறுபடி தப்பு. "அப்போ இப்ப தொங்குறது தப்பு. அவ்வளவுதானே? எதுக்கு முழிக்கிறீங்க?" என்று சிலேட்டுகளில் கை வைத்தார்.

"இருங்க மாமா," என்றான் எவாசியோ, தலையைச் சொறிந்துகொண்டு. "சாப்பிட்டு வந்தப்புறம் இன்னொரு தடவ மாத்தினேனோன்னு ஒரு சந்தேகம்."

"டேய்!"

"மாத்தணும்னு நெனச்சேன், அது நல்லா ஞாபகம் இருக்கு. மாத்தினேனாங்கறதுதான்..."

"கழுதைய வெச்சுக்கிட்டு உன்னத் திருப்பி அனுப்பியிருக்கணும்டா."

"கத்தாதீங்க," என்றாள் தெர்சில்லா. "கண்ணக் கட்டினாலும் சொல்லுவேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சீங்களே. ருசி பாத்துச் சொல்லுங்களேன். ஒரு நிமிஷ வேல."

ஒரு நிமிஷ வேலைதான். இரண்டு கிளாஸில் பிடித்துக் கொடுத்தாள். அவர் முதல் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றும் வரவில்லை. கிளாஸைச் சுழற்றினார். ஒன்றும் இல்லை. வாயில் ஊற்றினார். புளித்தது, நாக்கை இழுத்துப் பிடித்தது, அதோடு சரி. இரண்டாவதும் அதே. யாரோ மூக்குக்குள் பஞ்சை அடைத்துத் தைத்துவிட்டதுபோல் இருந்தது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது: ஒரு மாதமாகச் சூப்பில் உப்பு இல்லை, வெங்காயத்தில் மணம் இல்லை என்று தெர்சில்லாவைத் திட்டியதெல்லாம் அவள் குற்றம் இல்லை.

"என்ன?" என்றாள்.

"அறை குளிரா இருக்கு. குளிர்ல ஒயின் பேசாது. நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் வெந்நீரில் ஆவி பிடித்தார். நான்காம் நாள் யாரும் பார்க்காதபோது பூண்டைக் கடித்துப் பார்த்தார். கண்ணில்தான் நீர் வந்தது. எவாசியோ இது பிரிக்கோ என்றான், கிளாஸை இடம் மாற்றி வைத்தால் அதுவும் பிரிக்கோ என்றான். நாள் முழுக்கச் சுருட்டு புகைக்கிற வாயில் வேறென்ன வரும்? வெளி ஆள் ஒருவரைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் சதுக்கம் முழுக்கத் தெரிந்துவிடும், செக்கோந்தோவுக்கு அவர் ஒயினே அடையாளம் தெரியவில்லை என்று. தப்பான பீப்பாய் ஒயினுக்குப் பிரிக்கோ என்று லேபிள் ஒட்டினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் முப்பது வருஷம் வியாபாரி செய்ததைத் தானே தன் கையால் செய்தது போலாகும்.

ஆறாம் நாள் தெர்சில்லாவிடம் சொல்லிவிட்டார். நிலவறைப் படியில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல். "மூக்கு போச்சு தெர்சில்லா. நீ குடிச்சுப் பாரு. உனக்குத்தான் தெரியுமே, வருஷா வருஷம் சரியாச் சொல்லுவியே."

அவள் கிளாஸை வாங்கினாள். குடித்தாள். அடுத்ததையும் குடித்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவப்படக் கூடாது. வருஷா வருஷம் நீங்க எதப் பாத்துச் சிரிக்கிறீங்களோ அதக் காட்டுவேன். எனக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்."

"முப்பது வருஷமா?"

"முப்பத்தொண்ணு."

அவர் இரண்டு பீப்பாய்களையும் மாறி மாறிப் பார்த்தார். தன் நாக்குக்கு மட்டும்தான் ராஜாவும் குதிரைக்காரனும் வேறு வேறா? அல்லது அந்த நாக்கும் எந்தச் சரிவென்று தெரிந்துகொண்டேதான் குடித்ததா? கண்ணைக் கட்டிவிடு என்று ஆயிரம் தடவை சொன்னார். ஒருவரும் கட்டிவிட்டதில்லை. அதுவும் இப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஏழாம் நாள் இரண்டையும் மூலையில் காலியாகக் கிடந்த பெரிய பீப்பாயில் சேர்த்து ஊற்றச் சொன்னார். எட்டாம் நாள் அடைத்தார்கள். மூன்று பேரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அறுநூறு லேபிளிலும் 'பிரிக்கோ' என்ற எழுத்தைக் கத்தரியால் வெட்டினார்கள். குடும்பப் பெயர் மட்டும் மிஞ்சியது. கொடியை வெட்டவில்லை. லேபிளில் இல்லாததற்கு எதற்குக் கொடியை வெட்ட வேண்டும்? ஒயின் கடையில் கேட்டவர்களுக்கு, "எம் பேரு இருக்கில்ல, அது போதும்" என்றார். குரல் வழக்கம்போல் உரக்கத்தான் வந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம், கொடி கட்டிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அடுப்பில் பூண்டும் நெத்திலியும் எண்ணெயில் கரைந்துகொண்டிருந்தன. மணம் மூக்கில் அறைந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நிலவறைக்கு ஓடி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து திறந்தார்.

முகர்ந்தார். வாடிய ரோஜா இருந்தது. அது பிரிக்கோ. அதன் கீழே ஈரமண்ணும் செர்ரியும் கலந்த ஏதோ ஒன்று, ரொம்ப நல்லதாக. அது ஓடையா? ஓடை இப்படி இருக்காதே. மறுபடி முகர்ந்தார். இப்போது ரோஜாதான் ஓடையிலிருந்து வருவதுபோல் இருந்தது.

"மூக்கு வந்துடுச்சா?" தெர்சில்லா கரண்டியோடு திரும்பினாள். "சொல்லுங்க, எது எது?"

செக்கோந்தோ பாட்டிலை மேசையில் வைத்தார்.

"தெரியலடி," என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளுக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினார்.