நெல்லுக்குக் கூரை கேட்டு நின்ற இஸ்மாயில் பாய்

போன வெள்ளிக்கிழமை காலை உலை கொதித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. இஸ்மாயில் பாயின் மனைவி ஃபாத்திமா அக்கா. "அவரு போயிட்டாரும்மா. சுபுஹு தொழுதுட்டு வந்து நாற்காலில உக்காந்தவருதான்" என்றார். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நான் கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் சுவரொட்டி வந்துவிட்டது. 'விவசாயிகளின் தோழர்' என்று இஸ்மாயில் பாயின் படம். அதைவிடப் பெரிதாக, கும்பிட்ட கையோடு எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் படம். பசைகூடக் காயவில்லை. எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. இந்தச் சுவரொட்டியை மட்டும் பார்க்கிறவர்கள் இவர்கள் இருவரும் ஏதோ கூடிப் பாடுபட்டதாக அல்லவா நினைப்பார்கள்? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாய் அதிராம்பட்டினத்தில் பிறந்தவர். பல வருடம் வளைகுடாவில் கிடங்கு வேலை பார்த்துவிட்டு வந்து, எங்கள் கடைத்தெருவில் பந்தல் சாமான் வாடகைக் கடை வைத்தார். ஷாமியானா, நாற்காலி, பிரியாணி அண்டா, மழைக்கு மூடும் தார்ப்பாய்ப் படுதா. எங்கள் பக்கம் படுதா என்றாலே நெல் நினைவுதான் வரும். அரசு நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, நம் முறை வரும்வரை வாரக்கணக்கில் வெட்டவெளியில் குவியலுக்குக் காவல் கிடக்க வேண்டும். மேகம் கறுத்தால் எல்லோரும் பாய் கடைக்கு ஓடுவோம்.

நான் முதலில் ஓடியது எங்கள் முதல் குறுவை அறுவடைக்கு. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு அறுத்தவர்கள். எங்களுக்கென்று ஒன்றரை ஏக்கர் வந்தது என் காலத்தில்தான். அந்த நெல்லைக் கொட்டிய அன்றே வானம் இருட்டியது. கடையில் ஒரு படுதாகூட மிச்சமில்லை. பாய் என் முகத்தைப் பார்த்தார். கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டு நின்ற தன் சரக்கு வண்டியின் மேல்படுதாவை அவிழ்த்து என் தலையில் வைத்தார். "ஜமக்காளமெல்லாம் நனையுமே பாய்?" என்றேன். "கல்யாண வீட்டுல நான் பேசிக்கிறேன். நீ ஓடும்மா" என்றார்.

இரண்டு வருடம் கழித்து ஐப்பசியில் ஒரு வாரம் மழை விடவே இல்லை. படுதாவுக்கு அடியிலேயே நெல் முளைத்தது. ஈரப்பதம் கூடுதல் என்று குவியல் குவியலாக வாங்க மறுத்தார்கள். களத்துக்கு ஒரு கூரை போடச் சொல்லி அப்போதிருந்த சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் பாய் மூன்று முறை மனுவோடு போனார். மூன்றாவது முறை அங்கிருந்த உதவியாளர் சிரித்தாராம்: "கூரை வந்தா உங்க யாவாரம்ல படுத்துரும் பாய். உங்களுக்கேன் இந்த வேண்டாத வேலை?"

அந்தச் சிரிப்புதான் அவரைத் தேர்தலில் நிற்க வைத்தது.

சுயேச்சைக்கு முன்மொழியப் பத்துப் பேர் வேண்டும். அதில் நான் ஒருத்தி. துண்டறிக்கை எழுதவும் என்னைத்தான் கூப்பிட்டார். சாலை, பேருந்து, வேலைவாய்ப்பு என்று ஒரு பக்கம் நிறைய எழுதிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரு வரியை மட்டும் விட்டார்: 'நெல் கொட்டும் களத்துக்கெல்லாம் கூரை.'

"இவ்வளவுதானா பாய்? மத்தவங்க புத்தகமே போடுறாங்க."

"அம்பது சொன்னா எதைக் கேட்டு என் சட்டையைப் பிடிப்பீங்க? ஒண்ணு சொன்னாத்தான் பிடிக்க வசதி" என்றார். "அப்புறம் உங்க கடை?" என்று கேட்டேன். "நாலு கல்யாணம் காச்சிக்கு விட்டுப் பொழைச்சிக்கிறேன். அடுத்தவன் நெல்லு நனையுமான்னு வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது ஒரு பொழப்பாம்மா?"

ஊர் அவரை என்னவெல்லாம் சொன்னது! கூரை காண்டிராக்ட் எடுக்கத்தான் நிற்கிறார் என்றார்கள். படுதா விற்க விளம்பரம் என்றார்கள். "பாய்க்கு நெல்லைப் பத்தி என்ன தெரியும்?" என்று மேடையிலேயே கேட்டார் ஒருவர். வயல் வரப்பை மிதித்தறியாத அவருக்குக் கைதட்டல் வேறு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வாக்குப்பதிவு அன்று தாளடி அறுவடையின் கடைசிக் குவியல்கள் களத்தில் கிடந்தன. மதியத்துக்கு மேல் கோடை மழை திரண்டது. சாவடிக்கு வெளியே நின்றிருந்த பாய் கடைக்கு ஓடி, இருந்த படுதாவையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு களத்துக்கு வந்தார். முதல் படுதாவைப் பிரிக்கிறோம், தேர்தல் பறக்கும் படை வந்து நிற்கிறது. வாக்காளர்களுக்கு வேட்பாளர் பொருள் கொடுக்கிறார் என்று யாரோ புகார். முந்தின நாள் எங்கள் தெருவில் வீடு வீடாகக் குக்கர் இறங்கியபோது எந்தப் படையும் பறக்கவில்லை.

பாய் அந்த அதிகாரியிடம் கைகூப்பிச் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "தேர்தல்லேருந்து விலகிட்டேன்னு எழுதித் தர்றேன் சார். இப்பவே கையெழுத்துப் போடுறேன். படுதாவை மட்டும் விட்டுருங்க."

"வாபஸ் வாங்குற நாள் முடிஞ்சு போச்சுங்க" என்றார் அதிகாரி. படுதாக்களை வண்டியோடு கொண்டு போனார்கள். கால் மணி நேரத்தில் மழை கொட்டியது. கட்டியிருந்த வேட்டியின் முனையை விரித்து ஒரு குவியலை மூடப் பார்த்த அந்த மனிதரைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன்.

டெபாசிட் போனது. எங்கள் ஊர்ச் சாவடியிலேயே அவருக்கு விழுந்தது முன்மொழிந்த எங்களைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "பாய் தங்கமான ஆளு. ஆனா ஜெயிக்க மாட்டாரே, ஓட்டை எதுக்கு வீணாக்கணும்?" என்றார். பாய் படுதாவால் நனையாமல் தப்பிய நெல்லைத் தின்ற ஊரில் முக்கால்வாசிப் பேர் சொன்னதும் இதுதான். அப்புறம் இரண்டு நாள் நான் என் வீட்டுக்காரரோடு பேசவில்லை.

வென்றவர், அந்தச் சுவரொட்டியில் கும்பிடுகிறவர்தான், கூரையைத் தன் வாக்குறுதி என்று சொல்லிக்கொண்டு களத்தில் அடிக்கல் நாட்ட வந்தார். விழாவுக்கு ஷாமியானா பாய் கடையிலிருந்துதான் போனது. "ஏன் கொடுத்தீங்க?" என்று சண்டைக்குப் போனேன். "கல்லாவது நட்டாங்கள்ல. நல்லா நடக்கட்டும்மா" என்றார். அந்தக் கல்லைச் சுற்றி இப்போது கோரை மண்டிக் கிடக்கிறது. கூரையைக் காணோம்.

வெள்ளிக்கிழமை மாலை பாயின் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுக்கும் நேரத்துக்கு மழை வலுத்தது. நான் உள்ளே பெண்களோடு ஃபாத்திமா அக்காவின் பக்கத்தில் இருந்தேன். வாசலில் ஆண்கள் கூட்டம் நனைந்துகொண்டு நின்றது. கடையில் ஒரு படுதா இல்லை. குறுவை நெல்லுக்கு எல்லாம் களத்துக்குப் போயிருந்தது. உறுப்பினருக்கு மட்டும் ஒருவர் குடை பிடித்தார். "அவர் கனவை நனவாக்குவோம்" என்று உறுப்பினர் யாருடைய கைப்பேசியையோ பார்த்துச் சொல்வது ஜன்னல் வழியே கேட்டது. எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பாதி எழுந்துவிட்டேன். அக்கா என் கையை விடவில்லை.

அப்போது சின்னப்பன் ஓடி வந்தார். இடுப்பளவு நெல் களத்தில் கிடக்கிற சிறு விவசாயி. தன் குவியலை மூடியிருந்த படுதாவை அப்படியே உருவித் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "பாய் மேல ஒரு சொட்டுப் படக்கூடாது. நாலு பேரு மூலையைப் பிடிங்க" என்று கத்தினார்.

அக்கா தலை நிமிர்ந்தார். காலையிலிருந்து அழுத அந்தக் குரல் தெளிவாக வந்தது. "சின்னப்பன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லும்மா. படுதாவைக் கொண்டுபோயி நெல்லை மூடச் சொல்லு. இவரு நனைஞ்சா ஒண்ணுமில்ல. நெல்லு முளைச்சிரும்."

நான் ஜன்னலில் நின்று சத்தமாகச் சொன்னேன். உறுப்பினர் காதிலும் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். சின்னப்பன் அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு படுதாவைத் தூக்கிக்கொண்டு களத்தைப் பார்த்து ஓடினார். இந்தப் பக்கம் பாயைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தார்கள்.

சென்று வாருங்கள், பாய். இறைவன் உங்களுக்கு நல்லிடம் தரட்டும். எங்களை மட்டும் லேசில் மன்னித்துவிடாதீர்கள்.