அக்கா எடுத்துச் சொன்ன பரிசோதனை முடிவு

கல்லூரிப் பட்டிமன்றங்களில் கோப்பைகள் பல வென்றவள் நான். ஆயினும், தொண்ணூறுகளில் நான் கேட்ட மிகச் சிறந்த வாதம், சோமனூரில் என் அக்காவின் புகுந்த வீட்டில் ஒலித்தது.

அக்காவுக்குப் பிறப்புறுப்பில் எரிச்சலோடு கொப்புளங்கள் எழுந்தன. அக்கி என்றே முதலில் எண்ணினாள். ஆனால், அக்கிக்கு வழக்கமாகப் பூசும் செங்காவியைப் பூசிக்கொள்ள யாரிடமும் காட்டக்கூடிய இடமா அது? கோவையில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ரத்தப் பரிசோதனை, உடலுறவு வழியே தொற்றும் ஹெர்பிஸ் கிருமி இருப்பதைக் காட்டியது. அதை அறிந்த மாமியார், அவளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிட முடிவெடுத்தார்.

எதிர்வாதங்களை அடுக்கிக்கொண்டு நான் எழுந்தேன்.

"நீ உக்காரு கண்ணு, இது உன்ற மேடையில்ல," என்ற அக்கா, மாமியாரை நேராகப் பார்த்தாள்.

"ஏனுங்க அத்தை, கிருமி உள்ள இருக்குதுன்னுதானுங்க அந்த டெஸ்ட்டு சொல்லுது. எப்ப வந்துச்சு, ஆருகிட்ட இருந்து வந்துச்சுன்னு அது சொல்லாதுங்க. கொப்புளமே வராதவங்க ஒடம்புலயும் இருக்குமாமுங்க. மாத்திரை புண்ணைச் சீக்கிரம் ஆத்தும், கிருமியை அடியோட போக்காதுங்க. உங்க பையனையும் டாக்டரம்மா வரச் சொன்னாங்க. அவருக்கும் இருந்துச்சுன்னா, அவரை எந்த ஊட்டுக்குங்க அனுப்புவீங்க?"

அங்கேயே கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "டாக்டரம்மாகிட்ட நானும் வாரேன், கெளம்பு அம்மணி," என்றார்.

அன்று மாலை, அதே வீட்டில், எல்லோர் முன்னிலையிலும் அக்கா மாத்திரையை விழுங்கினாள். கைதட்டத் துடித்த என் கைகளை நான் அரும்பாடுபட்டு அடக்கிக்கொண்டேன்.