எந்தக் கூட்டமுங்க?

தொண்ணூறுகளின் நடுவில் ஒன்றே முக்கால் வருடம் நான் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் வேலை பார்த்தேன். கீழே பாத்திரக்கடை, மேலே நாங்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று வருகிறவர்களிடம் சொல்வோம். இருந்த எட்டு மெஷின்களில் மூன்று எப்போதும் ரிப்பேரில் கிடந்தன. அதற்குத் தூசியைக் குறை சொல்வது அநியாயம்.

என் மேஜையில் 'கவுன்சிலர்' என்று பலகை வைத்திருந்தார்கள். பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்த பெண்ணுக்கு அது கலெக்டர் பதவி மாதிரி. கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்த சுவிட்சைப் போட்டால் அது எரியும் என்பதுதான். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. என் வேலை மனிதர்களோடு. அன்னூர், காரமடை, பொள்ளாச்சி என்று பஸ் பிடித்து வருகிற தாய் தகப்பனை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நாலு வார்த்தை பேசி, பிள்ளையைச் சேர்க்க வைப்பது.

எங்கள் மேனேஜரிடம் அதற்கு ஒரு வித்தை இருந்தது. எங்கள் ஜாதியில் புது ஆளைப் பார்த்தால் முதலில் எந்த ஊர் என்று கேட்போம். அடுத்து, "எந்தக் கூட்டமுங்க?" என்று கேட்போம். கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. அண்ணன் தம்பி மாதிரி, பெண் கொடுத்து எடுக்க முடியாது. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான் முறை. கவனித்தீர்களா? எப்படிப் போனாலும் சொந்தம்தான். இந்தக் கேள்விக்குத் தப்பான பதிலே கிடையாது. மேனேஜர் கேட்பார், வந்தவர் சொல்வார், உடனே மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து, "அட, நம்ம பங்காளிங்க!" என்பார். அல்லது, "மாமனுங்களா, அப்ப எனக்குப் பொண்ணு வெச்சிருந்தீங்கன்னு முன்னயே தெரியாமப் போச்சே!" என்பார். அவருக்கு அப்போதே கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்போடு சிரிப்பாகக் கடன் பத்திரம் வரும்.

அந்தக் கடன்தான் மையத்தின் உயிர். ஒன்றரை வருடப் படிப்புக்கு உண்டான ஃபீஸ் முழுவதையும் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி எங்களுக்கு முதல் மாதமே கொடுத்துவிடும். குடும்பம் அதை ஃபைனான்ஸுக்கு மாதாமாதம் திருப்பிக் கட்ட வேண்டும். "புள்ள வேலைக்குப் போனப்பறம் கட்டினாப் போதுமுங்க" என்று நாங்கள் சொல்வோம். வேலையும் பெங்களூரில், பெரிய கம்பெனியில், நாங்களே வாங்கிக் கொடுப்போம் என்று சொல்வோம். இதையெல்லாம் வாயால் சொல்வோம். சொந்தத்திடம் கையெழுத்து வாங்கும்போது பத்திரத்தைப் படித்துக் காட்டுவது மரியாதையில்லை. சொந்தம் நீட்டிய பத்திரத்தைப் படித்துப் பார்ப்பது அதைவிட மரியாதையில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் சந்தையில் மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், வாலைத் தூக்கிப் பார்ப்பார்கள். பங்காளி கொடுத்த காகிதத்தை மட்டும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள்.

நானும் அதைப் படித்ததில்லை. இது சாக்கு அல்ல. சோம்பேறித்தனம், கொஞ்சம் பயம்.

ஒரு நாள் கோட்டைமேட்டிலிருந்து ஒரு தையல்காரர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரிடம் எந்தக் கூட்டம் என்று கேட்க முடியாது. மேனேஜர், "வாங்க பாய், நாமெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதானுங்களே" என்று சொல்லிப் பார்த்தார். அவரும் மரியாதையாகச் சிரித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கடன் பத்திரத்தை வாங்கி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் படித்தார். புரியாத இங்கிலீஷ் வரிகளை மகளைப் படிக்கச் சொல்லித் தமிழில் கேட்டுக்கொண்டார். அந்தப் பெண் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தாள்: தவணை அடுத்த மாதமே ஆரம்பம், படிப்பை நிறுத்தினாலும், மையமே நின்றுபோனாலும் கடன் கட்டியாக வேண்டும்.

"வேலை வாங்கித் தர்றதா சொன்னீங்களேம்மா, அது எந்தப் பக்கத்துல எழுதியிருக்குங்க?" என்று என்னிடம் கேட்டார்.

நான் மேனேஜரைப் பார்த்தேன். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். "அதெல்லாம் எழுதறதில்லீங்க பாய். வாய்வார்த்தைதானுங்க" என்றார்.

"அப்ப நம்ம பணமும் வாய்வார்த்தையா இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீருக்கு நன்றி சொல்லி, மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மேனேஜர் அன்று பூராவும் அவரைத் திட்டினார். நான் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பத்திரத்தை முழுக்கப் படித்தேன். அந்தப் பெண் வாசித்தது அத்தனையும் அதில் இருந்தது. நாங்கள் சொன்னது ஒன்றுகூட இல்லை.

இதை எதற்கு இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாளும் அவள் மகளும் வந்தது இதற்கு இரண்டு வாரம் கழித்து. அதாவது எனக்கு எல்லாம் தெரிந்த பிறகு.

மேனேஜர் அன்று இல்லை. அந்த அம்மாள் பஸ்ஸில் மடங்கிய சேலையை நீவிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் பூமி, நாலு மாடு, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற குடும்பம். புருஷனுக்கு முதுகில் அடி, பாடுபட முடியாது. மகள் பிளஸ் டூ-வில் நல்ல மார்க். பேசிக்கொண்டிருக்கும்போதே என் வாய் தானாகக் கேட்டது:

"நீங்க எந்தக் கூட்டமுங்க?"

சொன்னாள். வேறு கூட்டம். "அப்ப நீங்க எனக்கு அத்தையாகணுமுங்க" என்றேன்.

அவள் முகத்தில் அத்தனை நேரம் இருந்த பயம் அப்படியே இறங்கிப்போனதைப் பார்த்தேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "இந்தப் பட்டணத்துல யாரைங்க நம்பறதுன்னு நெனச்சுட்டே வந்தனுங்க. கடசீல நம்ம ஊட்டுப் புள்ளயே உக்காந்திருக்குது" என்றாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இதப் படிச்சா வேலை நிச்சயமுங்களா அம்மணி?"

அந்த மாதம் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் என் சம்பளத்தை உயர்த்துவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் பொய் சொன்னேன் என்றால் பாதிதான் சரி. அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

"வேலைக்கு நான் பொறுப்புங்க அத்தை" என்றேன். மகள் பத்திரத்தைக் கையில் எடுத்து முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள். தாய் அவள் கையிலிருந்து அதை வாங்கி மேஜையில் வைத்தாள். "சொந்தத்துக்குள்ள என்ன கண்ணு படிச்சுப் பாக்கறது" என்று சொல்லி, நான் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகியது போலக் கோடு தப்பாத குண்டு எழுத்து. விண்ணப்பத்தில் கவுன்சிலர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. ஆறு மாதத்தில், நன்றாகச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் சம்பளம் வராமல் வேலையை விட்டு நின்றுகொண்டார். அவருக்குப் பதில் முந்தின பேட்ச் பையன் ஒருவனே நோட்டைப் பார்த்துப் பாடம் எடுத்தான். ஐந்து மெஷினுக்கு நாற்பது பேர் முறை வைத்து உட்கார்ந்தார்கள். பெங்களூர் கம்பெனி வரவேயில்லை. சிலரை இண்டர்வியூ என்று திருப்பூருக்கு அனுப்பினோம். அது ஒரு பனியன் கம்பெனி, அவர்களுக்குத் தேவைப்பட்டது பில் அடிக்க ஓர் ஆள். எங்கள் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகையாட்ட நல்லாத்தானுங்க இருக்குது" என்று சிரித்தார்களாம். இதற்கிடையில் ஃபைனான்ஸ்காரர்கள் வீடு வீடாகப் போனார்கள். அன்னூரில் அந்த அம்மாள் பால் ஊற்றப் போன இடத்தில், ஊர் பார்க்க, இரண்டு பேர் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு தவணை கேட்டார்கள் என்று அவள் மகளே என்னிடம் வந்து சொன்னாள். "அக்கா, நீங்க ஒரு வார்த்தை அவங்களுக்குச் சொல்லக் கூடாதுங்களா?" என்றாள். பார்க்கலாம் என்றேன். எதைப் பார்ப்பது?

கடைசியில் அவள்தான் புகார் எழுதினாள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு நுகர்வோர் சங்கத்தில் கொடுத்தார்கள். நீதிமன்றத்துக்குப் போகும் முன் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். விண்ணப்பங்களை மேஜையில் பரப்பினார். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து.

"கேஸுன்னு போனா உம்பேருதான் அம்மணி மொதல்ல வரும். உனக்கு எடம் பாத்துட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். கோர்ட்டுல பேரு அடிபட்ட புள்ளய யாரு எடுப்பாங்க? வேலை வாங்கித் தர்றதா நாம யாருக்கும் சொல்லலைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. எழுத்துலதான் ஒண்ணும் இல்லையே."

கோபிப் பக்கமிருந்து ஒரு வரன் கூடி வந்திருந்தது உண்மைதான். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் அந்த இரவு அம்மாவிடமோ அப்பாவிடமோ எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

சங்கத்தின் அலுவலகம் ஒரு மாடி அறை. விசாரித்தவர் ஓய்வு பெற்ற தாசில்தார். மாணவர்கள் சுவரை ஒட்டி நின்றார்கள். முன்னால் பெஞ்சில் நாலைந்து பெற்றோர், அவர்களில் அந்த அம்மாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள். தாசில்தார் கடன் பத்திரத்தை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார். "வேலை தருவதாகச் சொல்லித்தான் சேர்த்தார்கள் என்று இவர்கள் சொல்கிறார்கள். பத்திரத்தில் இல்லை. அது நிரூபணமானால் கடனை ரத்து செய்யச் சொல்லிக் கேட்க வழி உண்டு. சொன்ன ஆள் நீங்கள்தான் என்கிறார்கள். நீங்கள் சொன்னீர்களா அம்மா?"

மொத்தக் கேஸும் என் நாக்கில் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. இருபது வீடுகளில் அன்று விளக்கு வைத்துச் சாமி கும்பிட்டிருப்பார்கள்.

"இல்லீங்க. நான் அப்படிச் சொல்லலீங்க" என்றேன். பக்கத்தில் மேனேஜர் தலையை ஆட்டினார். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அந்த ஓணான் நான்தான்.

அந்தப் பெண் சுவரை விட்டு முன்னால் வந்தாள். "பொய்யிங்க சார்! நானும் எங்கம்மாவும் பக்கத்துல உக்காந்திருக்கறப்பத்தான் இவங்க சொன்னாங்க. வேலைக்கு நான் பொறுப்புன்னாங்க. அம்மா, நீ சொல்லும்மா. சொன்னாங்களா இல்லையா?"

எல்லோரும் அந்த அம்மாளைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. என் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பெஞ்சிலிருந்து அவள் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. பிறகு தாசில்தாரிடம், "நாந்தானுங்க தப்பா நெனச்சுப்போட்டேனாட்ட இருக்குது. எனக்கென்னங்க தெரியும்" என்றாள்.

"அம்மா!" என்று மகள் கத்தினாள்.

"உடு கண்ணு" என்றாள் தாய், மெதுவாக, ஆனால் அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி. "நம்ம சொந்தக்காரப் புள்ள. நாளைக்கி ஒரு எடத்துல வாக்கப்படப் போற புள்ள. நாலு பேரு முன்னால அதையப் பொய்க்காரின்னு சொல்லச் சொல்றியா?"

மகளுக்கு அழுகை வந்துவிட்டது. தாசில்தார் பேனாவை மூடினார். மேலே கேட்க அவருக்கு ஒன்றும் இல்லை. மேனேஜர் என் பக்கம் குனிந்து, "முடிஞ்சுது" என்றார்.

நான் அவளைச் சொந்தம் என்று சொன்னது ஒரு கையெழுத்துக்காக. அவள் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு, தன் மகளையும் கடன் தீர இருந்த ஒரே வழியையும் விட்டுக்கொடுத்து எனக்கு அத்தை முறை செய்தாள். அப்போதாவது எழுந்து நின்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். தாசில்தார் அங்கேயேதான் இருந்தார். பேனாவைத் திறக்க எவ்வளவு நேரமாகும்? நான் உட்கார்ந்தே இருந்தேன். அவர்களும் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போகும்வரை உட்கார்ந்தே இருந்தேன்.

கதவருகே அந்த அம்மாள் திரும்பினாள். எங்கள் ஊரில் சொந்தத்திடம் சொல்லாமல் போகும் வழக்கம் இல்லை.

"வாரேனுங்க அம்மணி" என்றாள். மகள் வாசலுக்கு வெளியே தாயின் செருப்பைக் காலால் நகர்த்திப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். "போயிட்டு வாங்க அத்தை" என்று நான் சொல்ல வேண்டும். அவளும் அதற்காகத்தான் நின்றாள். எனக்கு வாய் வரவில்லை. அவளே எனக்காக, "சரீங்க" என்று சொல்லிக்கொண்டு படி இறங்கிப் போனாள்.