ஆசிரியர் அறையில் ஒரு கடற்படை

எங்கள் ஆசிரியர் அறையின் சுவரில் இந்தியப் பெருங்கடல் தொங்கிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் வாங்கி மாட்டிய வரைபடம். பச்சைக் குண்டூசிகள் நம் போர்க்கப்பல்கள், சிவப்பு எதிரியுடையவை. முந்தைய நாள் தொலைக்காட்சி விவாதத்தில் கேட்டதை வைத்துத் தினமும் காலையில் ஊசிகளை இடம் மாற்றுவார். பச்சை குறையும், சிவப்பு இலங்கையை நெருங்கும். கடலே கண்ணில் படாத திருத்தணியில், பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று ஒருநாளும் எட்டிப் பார்க்காத மனிதர் ஒரு பெருங்கடலையே கட்டி மேய்த்தார். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இன்று காலைகூட எதிரி வந்து இறங்கப்போகும் கடற்கரையை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.

கடலில் பலம் கைமாறுவது பொய்யில்லை. அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியவர்கள் நாட்டில் இருக்கத்தான் செய்கிறார்கள். இவருக்கு அது கிரிக்கெட் ஸ்கோர். "அவன் கப்பலா கட்டித் தள்றான் சார். நாம இன்னும் டெண்டர் விட்டுக்கினு இருக்கோம்" என்று கண்கள் மின்னச் சொல்வார். பதவி உயர்வுக்கு அவர் கையெழுத்து தேவைப்பட்ட நாங்கள் எட்டுப் பேரும் தலையாட்டுவோம்.

பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் ஆயாம்மா பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். அவருடைய ஒரே மகன் கடற்படையில் மாலுமி. வரைபடத்துக்குத் தூசி தட்டுவதும் ஆயாம்மாதான். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், எம்புள்ள கப்பலு இதுல எந்த ஊசிங்க?"

தலைமையாசிரியர் கப்பலின் பெயரைக் கேட்டார். ஒரு பச்சை ஊசியைத் தொட்டுக் காட்டினார். பிறகு அதைப் பிடுங்கி ஊசி டப்பாவில் போட்டார்.

"சண்டைன்னு வந்தா மொத நாளே இது காலிம்மா. அவ்ளோ பழசு."

நாங்கள் சிரித்தோம். நானும்தான்.

அன்று மாலையிலிருந்து மகனின் செல்பேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. மறுநாளும் இல்லை. ஆயாம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். "கடல்ல டவர் இருக்காதும்மா" என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. பிடுங்கிப் போட்ட ஊசியை அல்லவா கண்ணால் பார்த்திருந்தார்! ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் தலைமையாசிரியர் அவர் முன்னாலேயே ஊசிகளை நகர்த்திக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் ஆயாம்மா நேராக ஆசிரியர் அறைக்குள் வந்தார். "சார், எம்புள்ள பேசினான். பயிற்சிக்குப் போயிருந்தாங்களாம். நல்லா கீறான்."

தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதிரி கப்பலுங்க எங்க நிக்குதுன்னு கேட்டியா?"

"கேட்டேங்க. எங்க சாரு ரொம்ப பயந்துகினு கீறாருன்னும் சொன்னேங்க. அவரு திருத்தணிலதானம்மா கீறாரு, கப்பலு அங்க வராது, தைரியமா பாடம் நடத்தச் சொல்லுன்னான்."

தலைமையாசிரியர் முகம் செத்துப்போயிற்று. எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே ஆயாம்மாவுக்கு இனிக் கழிப்பறை வேலை மட்டும்தான் என்று உத்தரவு வந்தது. அத்தனை வருடப் போரில் தலைமையாசிரியர் நிஜமாக நடத்திய ஒரே தாக்குதல் அது. அந்த உத்தரவுச் சுற்றறிக்கையில் எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டோம்.