சோப்பு டப்பாவும் என் பெரிய கேமராவும்

டீக்கடை வாசலில் கிளாஸ் கழுவும் வாளிக்குள் மாப்பிள்ளை தன் கேமராவைப் போட்டார். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். துறைமுகத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் முங்குகிற வேலை அவருக்கு. கப்பலின் அடியில் ஒட்டிக்கிடக்கும் சிப்பியைச் சுரண்ட வேண்டும், விசிறியில் பழுது இருந்தால் தண்ணீருக்குள்ளேயே படம் எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். அதற்கென்று வாங்கிய கேமரா அது. ஆரஞ்சு நிறம், உள்ளங்கையில் அடங்கிவிடும். கீழே விழுந்தாலும் உடையாது, பத்து மீட்டர் ஆழம் போனாலும் தண்ணீர் இறங்காது. மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வலை பின்னும் நைலான் கயிற்றைக் கோத்து வைத்திருந்தார்.

வாளியிலிருந்து எடுத்தார், லுங்கியில் துடைத்தார், டீ மாஸ்டரை ஒரு படம் எடுத்துக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா மாப்ள, சோப்பு டப்பா கணக்கா கீது. குளிக்கறப்போ எட்த்துக்கினு போ," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு நாக்கில் சனி. அவர் கேமராவின் சென்சார் சட்டைப் பொத்தான் அளவுதான், என்னுடையது தபால் தலை அளவு என்று ஆரம்பித்து, அவர் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் ரவை கொட்டியது மாதிரிப் பொரிப் பொரியாகத் தெரியும் என்பது வரைக்கும் பாடம் நடத்தினேன். பட்டனை அழுத்தினால் அரை நொடி யோசித்துவிட்டுத்தான் அது படம் எடுக்கும், அதற்குள் எதிரில் இருப்பவன் கொட்டாவி விட்டுவிடுவான் என்றும் சொன்னேன். சொன்னதெல்லாம் உண்மை. சொன்ன விதம்தான் கேவலம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எட்டு ஒன்பது வருடம் ஓடியிருந்த சமயம் அது. ராயபுரத்தில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. அந்த மாதம்தான் ஃபுல் ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆர். வாங்கியிருந்தேன். மாதா கோயிலுக்குள் சாயங்கால வெளிச்சத்தில் ஃப்ளாஷ் போடாமல் கல்யாணப் பெண்ணை எடுத்தால் இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே அளவுக்குப் பயமும் வந்து சேர்ந்தது. எங்கள் பக்கம் காற்றிலேயே கரி இருக்கும். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கினால் மொட்டை மாடியில் காயும் வேட்டி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். அந்தத் தூசி சென்சாரில் ஒன்று ஒட்டினால் போதும், எடுக்கிற படத்திலெல்லாம் கரும்புள்ளி. அதனால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் லென்ஸ் மாற்றுவேன். கேமராவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போவேன். "உன் புள்ளைங்களக்கூட இப்டி தூக்கினதில்ல நீ," என்று என் மனைவி சொன்னாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டவன் நான்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். முப்பது வருடம் அடுத்தவர் லாஞ்சுகளில் கூலிக்குக் கடலுக்குப் போனவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய் இரண்டு வருடமாகக் கரையில் உட்கார்ந்துவிட்டார். புதுக் கேமராவைக் காட்டப் போனபோது அதைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"டேய், எனக்கு ஒண்ணு செய்வியா? என் போட்டோ எல்லாம் கரைல நின்னுகினு எட்த்தது. ரேசன் கார்டுக்கு, சங்கத்து அட்டைக்கு, உன் தங்கச்சி கல்யாணத்துக்கு. முப்பது வருசம் தண்ணில கெடந்தேன், தண்ணில ஒரு போட்டோ இல்ல. திருவிழா அன்னிக்கு நானும் போட்ல ஏறிடறேன். நீயும் ஏறி, ஒண்ணே ஒண்ணு புடிச்சுக் குடு."

அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. "இதுக்குப் போய் கேக்கணுமா நைனா, ஜமாய்ச்சுடலாம்," என்றேன்.

எங்கள் குப்பத்தில் மாதா திருவிழாவின் கடைசி நாள், சாயங்காலம் சுரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலில் ஒரு சுற்று கொண்டுபோவார்கள். பின்னாலேயே மற்றப் படகுகளும் போகும். ஃபாதர் படகுகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்து முடித்ததும் ஒரு கூத்து நடக்கும். படகில் இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் கடல் தண்ணீரை வாரி இறைத்துக்கொள்வார்கள். உடம்பு காய்ந்தபடி யாராவது கரை திரும்பினால் அந்த வருடம் மீன் பாடு சரியாக இருக்காது என்று ஒரு நம்பிக்கை. நனையாமல் பதுங்குகிறவனைத் தேடிப் பிடித்து, பக்கெட்டோடு கவிழ்ப்பார்கள். சின்ன வயதில் நானே எத்தனையோ பேர் தலையில் கவிழ்த்திருக்கிறேன். கேமரா வாங்கிய சந்தோஷத்தில் அது என் ஞாபகத்துக்கு வரவே இல்லை என்றால் நம்புவீர்களா? வந்தது. அப்பாவிடம் சரி என்று சொன்ன அன்று ராத்திரியே வந்தது. நாள் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன்.

அப்பா அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். டீக்கடை, முடி வெட்டும் கடை, கோயில் வாசல், ஒரு இடம் பாக்கியில்லை. "என் புள்ள பெரிய கேமரால என்னைக் கடல்ல புடிக்கப் போறான்." என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் "இன்னாபா, நைனாவ ஹீரோ ஆக்கப் போறியாமே?" என்று கேட்டார்கள். திருவிழாவுக்குத் தங்கை கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டார்.

அன்றைக்குக் கரையில் அலை கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய்த்தான் படகில் ஏற வேண்டும். அப்பாவை இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினார்கள். அவர் பலகையில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும்படி இடம் விட்டு, அந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டி என்னைக் கூப்பிட்டார். நான் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஈர மணலில் நின்றேன். துணிக்கடைப் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கேமரா மேல் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தேன். ஒரு அலை முழங்கால் வரை ஏறியது. இரண்டு துளி பையின் மேல் விழுந்தது. அவ்வளவுதான், என் தைரியம்.

"நைனா, நான் இங்கேர்ந்தே எடுக்கறேன். இந்த லென்ஸு அவ்ளோ தூரம் இழுக்கும்," என்று கத்தினேன்.

அவர் தட்டிக்கொண்டிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சரிடா," என்றார். அது எனக்குக் கேட்கவில்லை, வாய் அசைந்தது தெரிந்தது. அவர் விட்டு வைத்த இடத்தில், மணிக்கட்டில் கேமராக் கயிற்றோடு தண்ணீரில் நடந்து போன மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார்.

கரையிலிருந்து நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். மாதா சுரூபத்தின் கிரீடத்தில் இருந்த கல் பளிச்சென்று விழுந்திருந்தது. பூமாலை, கொடி, ஃபாதரின் அங்கி, எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அப்பா இரண்டே இரண்டு படத்தில் இருந்தார். இரண்டிலும் முதுகு. காலரின் இஸ்திரி மடிப்புகூடத் தெரிந்தது. அவருக்கு முன்னால் நாலு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள், படகு திரும்பிவிட்டது. என் இருநூறு எம்.எம். லென்ஸ் இழுத்துக் கொடுத்தது அந்தக் காலரைத்தான்.

படகு திரும்பியதும் மாப்பிள்ளை சொட்டச் சொட்ட வந்தார். கோயில் பக்கத்துக் குழாயில் கேமராவைக் காட்டி உப்புத் தண்ணீரைக் கழுவினார். "மச்சான், மாமாவ நாலு எட்த்து வச்சிகீறேன். உனுக்கு ஒதவுமா பாரு," என்று சின்ன மெமரி கார்டை நீட்டினார். அதைத் தரும்போது அவர் முகத்தில் கிண்டல் ஒரு சொட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஸ்டூடியோவில் போட்டுப் பார்த்தேன். மூன்று படம் சுமார். நாலாவதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பட்டனை அழுத்தும்போது அப்பா போட்டோவுக்கென்று விறைப்பாக உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த டப்பா யோசித்த அரை நொடிக்குள் யாரோ ஒரு பக்கெட் தண்ணீரை அவர் தலையில் கொட்டியிருக்கிறார்கள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, முன்பல் இல்லாத வாயைத் திறந்து சிரிக்கிறார். பின்னால் கடல் சாய்ந்து கிடக்கிறது. முப்பத்தைந்து வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் குறை சொன்ன அந்தத் தாமதம்தான் அந்தப் படத்தை எடுத்திருந்தது.

குறையும் இருந்தது. வானம் வெளுத்துப் போயிருந்தது, ஒரு மூலையில் லென்ஸ் மேல் விழுந்த நீர்த்துளி கலங்கலாக இருந்தது, பெரிதாக்கினால் ரவை தெரிந்தது. எல்லாவற்றையும் ஃபோட்டோஷாப்பில் சரிசெய்தேன். கீழே வலது மூலையில் அந்தக் கேமரா ஆரஞ்சு எழுத்தில் தேதியை அச்சடித்திருந்தது. அதை அழிக்க வேண்டும். அழித்த இடம் திட்டாகத் தெரிந்தது. அதன் மேல் என் ஸ்டூடியோ பெயரைப் போட்டேன்.

திட்டை மறைக்கத்தான் போட்டேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழ்ப் பக்கம் கொஞ்சம் வெட்டியிருந்தால் போதும், தேதியே இருந்திருக்காது என்று ஒரு தொழில்காரனுக்குத் தெரியாதா?

இரண்டு பிரின்ட் போட்டேன். ஒன்று சட்டம் போட்டு அப்பாவுக்கு. இன்னொன்று பெரியது, ஸ்டூடியோவின் கண்ணாடி ஷோகேஸில். அப்பா சட்டத்தைத் தொடையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கட்டை விரலால் அந்த மூலையைத் தடவினார். படிப்பு அவ்வளவாக இல்லாவிட்டாலும் என் கடை போர்டின் எழுத்து அவருக்குத் தெரியும்.

"உன் கடை பேரு," என்றார்.

"ஆமா நைனா."

நடு ஹாலில் ஆணி அடித்து மாட்டச் சொன்னார்.

ஷோகேஸ் படம் எனக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்தது. நின்று பார்க்காமல் போனவர்கள் குறைவு. ஒரு நாள் ஞானஸ்நானத்துக்குப் படம் எடுக்கச் சொல்ல வந்த ஒருவர், "பெரிய கேமரான்னா பெரிய கேமராதான்பா. சொட்டு சொட்டா தண்ணி தெரியுது பாரு," என்றார்.

"லென்ஸு அப்டி," என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினால் மாப்பிள்ளை நிற்கிறார். துறைமுகப் பாஸுக்குப் போட்டோ எடுத்துக்கொள்ள வந்திருக்கிறார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கண்ணாடிக்குள் இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "நல்லா கீது மச்சான்," என்றார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, தலையை வாரிக்கொண்டு, படத்துக்கு முகத்தைக் காட்டினார். நான் அந்தப் பெரிய கேமராவின் வழியாக அவரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் கண்ணில் வைக்க வேண்டிய ஃபோகஸைச் சட்டைப் பொத்தானில் வைத்தேன். அன்றைக்கு நாலு முறை எடுத்தும் ஒன்றும் சரியாக வரவில்லை.

அதற்குப் பிறகு அப்பா வீட்டுக்குப் போவதே தண்டனையாகிவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் அப்பா அந்தப் படத்தைக் காட்டி, "என் புள்ள எட்த்தது," என்பார். மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், தலையை ஆட்டுவார். அப்பாவுக்கு ஞாபகம் பிசகிவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஆனால் எந்த லாஞ்சில் எந்த வருடம் எவ்வளவு வஞ்சிரம் கிடைத்தது என்று அவர் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது எனக்குத் தாங்கவில்லை.

"நைனா, அது மாப்ள எட்த்ததுன்னு உனுக்குத் தெரியுமே. அப்பறம் இன்னாத்துக்கு என் பேரச் சொல்ற?"

அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"நீ எடுப்பன்னு ஊருக்கே சொல்லிட்டேனேடா. நீ ஏறல. கரைக்கு வந்தா கேப்பானுங்க. இன்னா சொல்றது? தண்ணிக்குப் பயந்துகினு நின்னுட்டான்னா? அதான் போட்லயே மாப்ள கைல சொல்லிட்டேன். எவனாச்சும் கேட்டா என் புள்ள எட்த்ததுன்னு சொல்லிடுவேன், நீ தப்பா நெனச்சுக்காதன்னு. அது, 'அட, சொல்லு மாமா, இதுல இன்னா கீது'ன்னு சொல்லிச்சு."

நான் பெயரைப் போடுவதற்கு முன்பே, கார்டு என் கைக்கு வருவதற்கு முன்பே, நடுக்கடலில் இரண்டு பேரும் பேசி அந்தப் படத்தை எனக்குக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். நான்தான் அதைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நிமிர்ந்து சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். கண்ணை மூடி, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையிடம் அதைச் சொன்னதற்கு முன்னால் சிரித்த சிரிப்பா, சொன்ன பிறகு சிரித்ததா என்று கேட்க வாய் வரை வந்தது. தைல பாட்டிலின் மூடியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.