சுத்தமாக இருந்த ரேடியேட்டர்

பிலோமினாவின் காரை ஒரு டிராக்டர் கயிறு கட்டி இழுத்து வந்து என் கடை வாசலில் விட்டபோது, பானெட் இடுக்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. பின் சீட்டில் முனுசாமி என்ற பெரியவர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். இரண்டு காலும் வீங்கியிருந்தன.

உத்திரமேரூரில் நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். சின்ன வயதில் டைனமோவில் தொடங்கியவன், இப்போது சென்சார் வரைக்கும் பார்க்கிறேன். இன்று இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் கேட்டால், நான் பார்த்த வேலைகளில் முதலில் சொல்வது இந்தக் காரைத்தான்.

பிலோமினாவுக்கு ஊர் காவாந்தண்டலம். வயல் வேலைக்குப் போகிற குடும்பம். அவர் டிரைவிங் கற்று, பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி, டயாலிசிஸ் நோயாளிகளைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போய் வந்துகொண்டிருந்தார். அன்று ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் கொதித்து நின்றதில் முனுசாமியின் முறை தவறிவிட்டது. மறுநாள் காலை கட்டாயம் வரச் சொல்லிவிட்டார்கள்.

"நாளைக்கு முகூர்த்த நாளுண்ணா. வேற வண்டி ஒண்ணும் கெடைக்கல. இந்த நைனாவ இட்டுக்கினு போயே ஆவணும்," என்றார் பிலோமினா. "இன்னொரு தபா நடுரோட்ல நின்னுட்டா, இனிமே யாரு என் வண்டிய நம்பி ஏறுவாங்க?"

பக்கத்துக் கடை மெக்கானிக் தனசேகரும் வந்துவிட்டார். நல்ல வேலைக்காரர். அந்தக் காருக்குத் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இரண்டையும் ஏற்கனவே மாற்றிப் பார்த்தவர் அவர்தான்.

"ஹெட் கேஸ்கட் போயிட்ச்சு. இஞ்சினப் பிரிக்கணும். ஒரு வாரம் ஆவும்," என்றார்.

"நீயும் ஒரு தபா பாருண்ணா," என்று பிலோமினா என் பக்கம் திரும்பினார்.

முனுசாமியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். தண்ணீரில் குமிழி வரவில்லை. ஆயிலிலும் தண்ணீர் கலக்கவில்லை. இஞ்சின் தலைக்கடியில் கசிவை அடைக்கிற கேஸ்கட் போயிருந்தால் இரண்டில் ஒன்று தெரிந்திருக்கும்; அது போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காரில் ஆதியில் இருந்தது இஞ்சினோடு பெல்ட்டில் சுற்றுகிற ஃபேன். அது கெட்டுப்போய், ஸ்பேர் கிடைக்காமல், எல்லா வண்டிக்கும் பொருந்துகிற எலக்ட்ரிக் ஃபேன் ஒன்றை வெளியூரில் யாரோ மாட்டியிருந்தார்கள். கொதிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

சூடு ஏறியதும் ஃபேன் ஓடியது. டாஷ்போர்டில் சூடு காட்டுகிற ஊசியும் மெதுவாக இறங்கியது.

"அதான் ஓடுதே. அதுல இன்னா கண்டுபுடிக்கப் போற?" என்றார் தனசேகர்.

மீட்டர் வைத்தேன். மோட்டாருக்கு வருகிற வோல்டேஜ் கொஞ்சம் குறைவு. எர்த் ஒயர் பிடித்திருந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினேன். வோல்டேஜ் ஏறியது. இதுதான் என்று நினைத்து பிலோமினாவை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அறுபதைத் தாண்டியதும் ஊசி சிவப்பை நோக்கிக் கிளம்பியது. வேகத்தைக் குறைத்ததும் இறங்கியது.

"இதத்தாண்ணா நானும் சொல்லிக்கினே கீறேன். மெதுவா போனா ஒண்ணுமில்ல, வேகமா போனாதான் பேஜார். யாருமே காதுல வாங்கல."

எனக்கு அது இடித்தது. வேகமாகப் போனால் எதிர்க்காற்று அடித்து ரேடியேட்டர் இன்னும் நன்றாகத்தானே ஆற வேண்டும்? ஓரம் கட்டச் சொன்னேன்.

அறுவடைக் காலம். ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. அந்த மாதங்களில் எங்கள் பக்கம் ஓடுகிற எந்தக் காரைத் திறந்தாலும் ரேடியேட்டரின் முன்பக்கம் பதரும் வைக்கோல் தூசியும் அப்பிக் கிடக்கும். பிலோமினாவின் ரேடியேட்டர் முன்பக்கம் கழுவிவிட்டது போல் இருந்தது.

"எப்பம்மா கழுவின?"

"நான் எங்க கழுவினேன்? அது எப்பவும் அப்படித்தான் கீது."

டார்ச்சை இஞ்சின் பக்கத்திலிருந்து அடித்துப் பார்த்தேன். மொத்தப் பதரும் அங்கே, ரேடியேட்டரின் முதுகில் ஒட்டியிருந்தது.

"ஒரு பேப்பர் குடும்மா."

நாஷ்டா கட்டிவந்த பேப்பரைக் கொடுத்தார். ஃபேனை ஓடவிட்டு, கிரில்லுக்கு முன்னால் பிடித்தேன். அது கிரில்லில் போய் ஒட்ட வேண்டும். என் முகத்தில் வந்து அறைந்தது.

ஃபேன் தலைகீழாகச் சுற்றி, இஞ்சின் பக்கத்துக் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. நிற்கும்போது அது வெளியே தள்ளுகிற காற்றே ஓரளவு ஆற்றிவிடும். வேகமாகப் போனால் எதிர்க்காற்று உள்ளே வரப் பார்க்கும், ஃபேன் வெளியே தள்ளும். இரண்டும் மோதி, ரேடியேட்டருக்குள் காற்றே நகராது. அந்த மோட்டாரில் இருந்தது ஒரு நீல ஒயர், ஒரு கறுப்பு ஒயர். மாட்டியவர் பழக்கத்தில் கறுப்பை எர்த் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த மோட்டாருக்கு அது நேர்மாறு.

கடைக்குத் திரும்பி இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தேன். ஃபேனின் சத்தமே மாறிக் கனத்தது. பேப்பர் கிரில்லில் போய் ஒட்டிக்கொண்டது. பிலோமினா கை தட்டினார். உடனே ஃபியூஸ் போய் ஃபேன் நின்றது.

"இன்னா தல, முடிஞ்சுதா?" என்று சிரித்தார் தனசேகர்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் சும்மா சுழன்ற மோட்டார் இப்போதுதான் முழு லோடு இழுக்கிறது. ஒயர் மெல்லியது, தொட்டால் சுட்டது. பெரிய ஃபியூஸ் மட்டும் போட்டிருந்தால் ஒயர் எரிந்திருக்கும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, புது ரிலே ஸ்விட்ச் வைத்து, அந்த ஒயருக்கு ஏற்ற ஃபியூஸ் போட்டேன். பதரை ஊதி எடுக்க ஏர் பைப்பைப் பிடித்தவர் தனசேகர்தான்.

மறுநாள் காலை நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். புக்கத்துறை கூட்ரோடு தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும், "ஆக்சிலேட்டர மெறிம்மா" என்றேன். அறுபது, எழுபது, எண்பது. ஊசி நடுவில் ஆணி அடித்தது போல் நின்றது. பாலாற்றுப் பாலத்தில் பிலோமினா ஒரு லாரியை ஓவர்டேக் செய்துவிட்டு, "நைனா, பாத்தியா என் வண்டிய!" என்று கத்தினார்.

"நீ ரோட்டப் பாரும்மா," என்றார் முனுசாமி. ஆனால் சிரித்தார்.

நேரத்துக்கு முன்பே போய்விட்டோம். மதியம் திரும்பும்போது பெரியவர் பேசிக்கொண்டே வந்தார்.

தம்பிகளே, வெளியே வாங்கி மாட்டிய ஃபேன் ஓடுகிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு துண்டுப் பேப்பரைப் பிடித்துப் பாருங்கள். மீட்டர் அதைச் சொல்லாது. அதற்கும் முன்னால், வண்டியை ஓட்டுகிறவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். தினமும் அந்த வண்டியில் உட்காருகிறவர் அவர்.